மேடத்தின் ‘விடு’

பெண்கள் கழிவறைக் கதவை வெளியிலிருந்து யாரோ தோளால் இடிக்க ஆரம்பித்த பிறகுதான், இவ்வளவு நேரமாக என்ன வார்த்தையைக் கத்திக்கொண்டிருந்தோம் என்பது உள்ளே இருந்த மூன்று பேருக்கும் உறைத்தது.

‘விடு’ என்றுதான். கத்தியது ஒருத்திதான், ஆனால் பல குரலில். தடித்த குரலில் ஒரு விடு, கிறீச்சென்று ஒரு விடு, அடித்தொண்டையிலிருந்து கோபமாக ஒரு விடு. நடுநடுவே இன்னொருத்தி, “இது இல்லடி, இன்னும் கொஞ்சம் வெறியோட,” என்று எடுத்துக்கொடுத்தாள். வெளியே நடந்து போகிறவர் காதில் இதெல்லாம் எப்படி விழுந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

“பயப்படாதம்மா, நான் வந்துட்டேன்,” என்றது வெளியே ஒரு குரல். தொடர்ந்து விசில் சத்தம்.

தாழ்ப்பாள் தெறித்தது. போட்டி அரங்கத்தில் காவலுக்கு நிற்கும் அக்கா, கையில் தடியும் வாயில் விசிலுமாக உள்ளே பாய்ந்து, பாய்ந்த வேகத்தில் வாஷ்பேசினைக் கட்டிப்பிடித்து நின்றார். காப்பாற்ற வந்தவர் கண்ணில் பட்டது இவ்வளவுதான்: கவிழ்த்துப்போட்ட வாளி மேல் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒல்லிப் பெண், எதிரே வாயைத் திறந்தபடி உறைந்துபோன கன்னம் உப்பிய பெண், சுவரில் சாய்ந்து கையைக் கட்டி நிற்கும் கொஞ்சம் பெரிய பெண்.

“யாரு யாரைப் பிடிச்சு வச்சிருக்கீங்க?”

“யாரும் யாரையும் பிடிக்கலக்கா,” என்றாள் பெரியவள்.

“அப்போ எதுக்கு விடு விடுன்னு கத்தினீங்க?”

“இவ விடணும்னுதான்.”

“எதை?”

“கம்பியை.”

அக்கா சுற்றுமுற்றும் பார்த்தார். அந்தக் கழிவறையில் கம்பி என்று இருந்தது துண்டு போடுகிற கம்பி ஒன்றுதான். அதில் துண்டுகூட இல்லை. மூன்று முகத்தையும் நிதானமாக ஒரு முறை பார்த்து மனதில் பதித்துக்கொண்டார். இன்னொரு முறை இந்தக் குரல் காதில் விழுந்தால் நடப்பதே வேறு என்று தடியை ஆட்டிச் சொல்லிவிட்டு, இடித்த தோளைத் தடவிக்கொண்டே போனார்.

வாளி மேல் இருந்தவள் கண்ணைத் திறந்தாள். அவள்தான் உடும்பு. அவளால்தான் இத்தனையும்.

உடும்பு கல்லூரி ஜிம்னாஸ்டிக்ஸ் அணியில் முதல் வருடம். பிடித்தால் விடமாட்டாள் என்பதால் வந்த பெயர். வைத்தவள் கேப்டன், மூன்றாம் வருடம், சுவரில் சாய்ந்து நின்றவள். பல குரலில் கத்தியவள் ரேடியோ. யார் பேசினாலும் அப்படியே திருப்பிப் பேசிக் காட்டுவாள். எங்கே நிறுத்துவது என்பதுதான் அவளுக்குத் தெரியாது.

உடும்புக்குக் கொடுத்திருந்த வேலை, வாயால் சொன்னால் ரொம்பச் சுலபம். உயரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆட வேண்டும். ஆட்டம் உச்சிக்கு வரும்போது கையை விட வேண்டும். அந்தரத்தில் உடம்பைச் சுருட்டித் திருப்பி, அதே கம்பியைத் திரும்பப் பிடிக்க வேண்டும். ஆடுவதிலும் திரும்புவதிலும் பிடிப்பதிலும் அவளை மிஞ்ச அணியில் ஆளில்லை. நடுவில் இருக்கிற அந்த விடுவதுதான் வராது. மூளை ‘விடு’ என்று சொன்னால், யாரோ வழியில் போகிறவர் சொன்னது போல விரல்கள் காதிலேயே வாங்கிக்கொள்ளாது.

அதற்கு வைத்தியம் கண்டுபிடித்தவர் கோச் மேடம்.

மேடம் குள்ளம். குரல் மட்டும் ஆறடி. பயிற்சிக் கூடத்துக்குள் நுழைந்ததும் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொள்வார். கையில் பூசுகிற வெள்ளைப் பொடி கண்ணுக்கு ஆகாது என்பார். கம்பிக்குக் கீழே வந்து, தூணைத் தரையோடு இழுத்துக் கட்டியிருக்கும் வயரில் ஒரு கையை வைத்துக்கொண்டு நிற்பார். பார்ப்பதற்குப் பேருந்தில் நிற்பது போல இருக்கும்.

“நீ யோசிக்காத,” என்று முதல் நாளே சொல்லிவிட்டார். “யோசிக்கிறது என் வேலை. நான் விடுன்னா விடு. நான் சொல்லாம விடாத. அவ்வளவுதான்.”

அன்று உடும்பு ஏறினாள், ஆடினாள். “விடு” என்று கூடமே அதிர ஒரு சத்தம். என்ன நடந்தது என்று பார்ப்பதற்குள் கம்பி திரும்பவும் அவள் கையில் இருந்தது. கீழே இறங்கி வந்து அழுதாள். எதற்கு அழுகிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை. வாசல் படியில் உட்கார்ந்திருந்த மாமா மட்டும் கை தட்டினார். மாமா என்பது மேடத்தின் வீட்டுக்காரர். கல்லூரி வேன் ஓட்டுகிறவர். மேடத்தைக் கூட்டிப்போக சாயங்காலமே வந்து, பயிற்சி முடிகிறவரை படியில் உட்கார்ந்து உள்ளே நடப்பதையெல்லாம் படம் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அதிலிருந்து அந்த ஒரு சொல்லுக்கு அணி மொத்தமும் அடிமை. அதில் சில தொல்லைகளும் வந்தன. விடுதியில் யாராவது, “சரி விடு, அப்புறம் பாத்துக்கலாம்,” என்றால் யார் கையிலிருந்தாவது ஏதாவது விழும். கேப்டன் ஒரு முறை முழு வாளித் தண்ணீரை மாடிப்படியில் விட்டாள். ரேடியோவின் போன் திரையில் விரிசல் இல்லாத இடத்தைத் தேட வேண்டும். ஒரு நாள் பயிற்சி நடுவே மேடம் தங்கையோடு போனில் பேசும்போது, “அட, விடுடி, அந்த முதல்வருக்கு ஜிம்னாஸ்டிக்ஸுக்கும் சர்க்கஸுக்கும் வித்தியாசம் தெரியாது,” என்று சொல்ல, உயரக் கம்பியிலிருந்து ஒருத்தியும் தாழ்ந்த கம்பியிலிருந்து ஒருத்தியும் பொத்துப் பொத்தென்று மெத்தையில் விழுந்தார்கள். அணியின் நாலாவது ஆளான நெட்டை அன்று எதையோ படம் பிடித்துக்கொண்டிருந்ததால் அதுவும் அவள் போனில் பதிந்தது. அடிக்கடி போட்டுப் பார்த்துச் சிரிப்பார்கள்.

சிரிப்பு நின்றது கல்லூரியின் அந்த முதல்வரால்தான். பிள்ளைகள் குட்டிக்கரணம் போட ஒரு பெரிய கூடம் எதற்கு என்று அவருக்குத் தோன்றிவிட்டது. வரப்போகிற போட்டியில் முதல் மூன்று இடத்துக்குள் வராவிட்டால் அணியைக் கலைத்துவிட்டு, கூடத்தில் பழைய பெஞ்சுகளை அடுக்கிவைக்கப் போவதாகச் சொன்னார். மேடம் அவர் அறைக்குப் போய் ஒரு மதியம் முழுக்கச் சண்டை போட்டார். சண்டையில் கூடம் பிழைக்கவில்லை, குரல் போய்விட்டது. தொண்டையை எட்டிப் பார்த்த டாக்டர் ஒரு வாரத்துக்கு வாயே திறக்கக் கூடாது, முனகக்கூடக் கூடாது என்றார். அன்று சாயங்காலமே கால் உடைந்த இரண்டு பெஞ்சுகள் கூடத்தின் மூலையில் வந்து நின்றன, இடம் பிடித்துவைக்க முன்னால் அனுப்பப்பட்டவை போல.

உடும்பு ஏறினாள், ஆடினாள், காத்திருந்தாள். கீழே மேடம் மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடினார். சத்தம் வரவில்லை. ஆட்டம் மெல்ல மெல்ல அடங்கி, கொடியில் காயப்போட்ட துணி மாதிரி உடும்பு சும்மா தொங்கினாள்.

“இறங்குடி,” என்றாள் கேப்டன்.

“மேடம் சொல்லலையே.”

அவளைக் கீழே கொண்டுவர இரண்டு பேர் காலைப் பிடித்துத் தூக்க வேண்டியிருந்தது.

குரல் இல்லாவிட்டால் என்ன, கண் இருக்கிறதே என்று கேப்டன் ஒரு வழி சொன்னாள். மேடம் சிவப்புத் துண்டை மேலே வீசினால் உடும்பு விட வேண்டும். வழி நன்றாகத்தான் இருந்தது. ஆனால் தலைகீழாக இருப்பவளுக்கு மேலே எது, கீழே எது? துண்டு கீழே இறங்கும்போது அது மேலே ஏறுவதாக நினைத்துக் கையை விட்டாள். விட்டவள் மெத்தையைத் தாண்டிப் போய் முதல்வர் அனுப்பிய பெஞ்சின் மேல் உட்கார்ந்தாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பெஞ்சுக்கு மிச்சமிருந்த கால்களும் போயின. கல்லூரிச் சொத்துக்கு ஏற்பட்ட சேதம் பற்றி மறுநாள் முதல்வரே நேரில் வந்து விசாரித்தார். மேடத்தால் பதில் சொல்ல முடியாததைத் திமிர் என்று எடுத்துக்கொண்டு, போட்டிக்குத் தானே வந்து எல்லாவற்றையும் கண்ணால் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அப்போதுதான் நெட்டைக்குத் தன் போனில் இருக்கிற ‘விடு’ ஞாபகத்துக்கு வந்தது. ஒரு குட்டி ஸ்பீக்கரில் அதைப் போட்டால் போதாதா. போட்டி நாள் காலையில், எல்லோரும் உடம்பைத் தயார்செய்கிற நேரத்தில், கம்பியடியில் ஸ்பீக்கரை மறைத்துவைத்துவிட்டு போனில் ஒரு தட்டுத் தட்டினாள். ஸ்பீக்கர் வாயே திறக்கவில்லை. பக்கத்தில் இசைக்கு ஆடிக்கொண்டிருந்த வேறொரு கல்லூரிப் பெண்ணின் பாட்டு மட்டும் சட்டென்று நின்றது. போன் தவறிப்போய் அரங்கத்து ஸ்பீக்கர்களோடு ஒட்டிக்கொண்டு, நாலு மூலையிலிருந்தும் மேடத்தின் குரல் முழங்கியது. அந்த முதல்வருக்கு ஜிம்னாஸ்டிக்ஸுக்கும் சர்க்கஸுக்கும் வித்தியாசம் தெரியாது என்று.

முதல் வரிசையில் அந்த முதல்வர் உட்கார்ந்திருந்தார். திரும்பி யாரையும் பார்க்கவில்லை. சட்டைக் காலரை மட்டும் சரிசெய்துகொண்டார்.

தலைமை நடுவர் ஒரு பெரிய அம்மாள். கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பவர். ஸ்பீக்கரைப் பறிமுதல் செய்தார். போனையும் பெட்டியில் போட்டுப் பூட்டினார். ஆடுகிற பெண்ணுக்கு அவள் கோச் மட்டும், அதுவும் சொந்த வாயால், ஒரே ஒரு சொல் சொல்லலாம். வேறு எங்கிருந்து சத்தம் வந்தாலும் மதிப்பெண் போய்விடும் என்றார்.

“சொந்த வாய்தானே,” என்றாள் கேப்டன். “வாய் மேடத்தோடது இருக்கட்டும். சத்தம் ரேடியோவோடது.”

அதற்கான ஒத்திகைதான் கழிவறையில் நடந்தது. கம்பிக்குப் பக்கத்தில் மேடம் நிற்கிற இடத்துக்குப் பின்னால் உபரி மெத்தைகளை ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தார்கள். அதன் பின்னால் ரேடியோ படுத்துக்கொள்ள வேண்டும். மேடம் சரியான நேரத்தில் வாயைத் திறந்து குதிகாலால் தரையை ஒரு தட்டுத் தட்டினால், ரேடியோ கத்திவிடுவாள். இதை மேடத்திடம் விளக்கிச் சொன்னார்கள். மேடம் கறுப்புக் கண்ணாடி வழியாக மூன்று பேரையும் வெகுநேரம் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். அது ‘சரி’ என்பதா, ‘உங்களைப் பெத்தவங்க பாவம்’ என்பதா என்று யாருக்கும் தெரியவில்லை.

“எனக்கு வாந்தி வருது,” என்றாள் உடும்பு.

“வரட்டும். இங்க பாரு,” என்று கேப்டன் அவள் தோளைப் பிடித்தாள். “நாலு பேர் ஏறுறோம். மூணு பேர் மார்க்தான் கணக்கு. குறைஞ்சது எதுவோ அதைத் தள்ளிடுவாங்க. நீ விழுந்தாலும் உன்னோடதைத் தள்ளிட்டு எங்க மூணையும் எடுத்துப்பாங்க. உன்னால யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்ல. போதுமா?”

அந்த வார்த்தையைக் கேட்டபின் உடும்புக்கு மூச்சு வந்தது. தான் ஒரு பொருட்டே இல்லை என்பதில் இவ்வளவு நிம்மதி இருக்கும் என்று அவள் நினைத்ததில்லை.

முதலில் ரேடியோ. பிசிறில்லாமல் ஆடி இறங்கி, நடுவர்களுக்குக் கை தூக்கிவிட்டு, வியர்வை துடைக்கப் போகிறவள் போல நடந்துபோய் மெத்தைகளுக்குப் பின்னால் மறைந்தாள். அடுத்து நெட்டை. அவளும் பழுதில்லை. மூன்றாவதாகக் கேப்டன் ஏறினாள். அவள் ஆடினால் எதிரணிப் பெண்கள்கூட முடி பின்னுவதை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். கம்பி மேல் தலைகீழாக, ஊன்றிவைத்த கோல் மாதிரி ஏறி நின்றாள்.

அப்போது காவலுக்கு நின்ற அக்கா ரோந்து வந்துகொண்டிருந்தார். அடுக்கிய மெத்தைகளுக்குப் பின்னாலிருந்து இரண்டு கால் நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். யாரோ மயங்கி விழுந்து கிடக்கிறார்களோ என்ற நல்ல எண்ணத்தில் கணுக்காலைப் பிடித்து இழுத்தார்.

ரேடியோ பயந்துபோனாள். பயத்தில் யாரும் சொல்வதைத்தான் அவளும் சொன்னாள். ஆனால் காலையிலிருந்து பழகிப் பழகித் தொண்டை அந்தச் சுருதியிலேயே நின்றிருந்தது.

“விடு!”

அசல் மேடம். கழிவறையில் ஒரு தடவைகூட இவ்வளவு அச்சாக வரவில்லை.

கம்பி மேல் நின்ற கேப்டனின் கைகள் மூன்று வருடமாக அந்தக் குரலுக்குப் பழகியவை. கேள்வி கேட்காமல் விட்டன. கேப்டன் மேலேயிருந்து கீழே, ஒரு கால் மடங்கி உட்கார்ந்த நிலையில், மெத்தையில் வந்து இறங்கினாள். மேடம் இரண்டு கையாலும் தன் தொண்டையைத் தொட்டுப் பார்த்தார், குரல் தன்னைக் கேட்காமலே திரும்பி வந்துவிட்டதோ என்று. முதல் வரிசையில் முதல்வர் எழுந்து நின்றார்.

“அதே பொண்ணுதான்,” என்றார் அக்கா, ரேடியோவைக் காலோடு வெளியே இழுத்துப் பார்த்து. “இன்னும் யாருமா உன்னைப் பிடிச்சு வச்சிருக்கா?”

“நீங்கதான்க்கா.”

அக்கா அதைக் கேட்கிற மனநிலையில் இல்லை. ரேடியோவைத் தோளைப் பிடித்துக் காவலறைக்குக் கூட்டிப்போனார். தலைமை நடுவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எதையோ குறித்தார்.

கேப்டன் நொண்டிக்கொண்டு வந்தாள். ஒரு கணுக்கால் அதற்குள் வீங்க ஆரம்பித்திருந்தது. விழுந்த மதிப்பெண் பலகையில் ஏறியது. அதைப் பார்க்காமலே இருந்திருக்கலாம்.

“உடும்பு,” என்றாள். “தள்ளப்போறது இப்ப என்னோடது. உன்னோடது கணக்குல வருது.”

உடும்பு கணக்குப் பார்த்தாள். போன், பெட்டிக்குள். ரேடியோ, காவலறைக்குள். மேடத்தின் குரல் தொண்டைக்குள். கூடத்து மூலையில் கிடக்கிற இரண்டு பெஞ்சுகளுக்குப் பின்னால் இன்னும் எத்தனையோ பெஞ்சுகள் வரிசையாகக் கூடத்துக்குள் வருவது அவள் கண்ணுக்குத் தெரிந்தது. ஒவ்வொன்றின் மேலும் ‘உடும்பால்’ என்று எழுதியிருந்தது.

மேடம் வந்து அவள் உள்ளங்கையில் வெள்ளைப் பொடியைப் பூசினார். கறுப்புக் கண்ணாடியில் இரண்டு குட்டி உடும்புகள் தெரிந்தார்கள். இரண்டு பேர் முகத்திலும் ரத்தம் இல்லை. மேடம் எதையோ சொல்ல வாயெடுத்து, டாக்டரை நினைத்து மூடிக்கொண்டு, முதுகில் ஒரு தட்டுத் தட்டி அனுப்பிவைத்தார். இந்த அரங்கத்தில் கம்பியைச் சுற்றிக் கோடு போட்டிருந்தார்கள். கோச்சுகள் கோட்டுக்கு வெளியேதான் நிற்க வேண்டும். வழக்கமாகப் பிடிக்கிற வயர் எட்டாமல், மேடம் தன் ஒரு கையால் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

உடும்பு ஏறினாள்.

அவள் போட்டுவைத்திருந்த திட்டம் இதுதான். ஆடுவது. கை விடாது. விடாவிட்டால் தொங்குவது. தொங்கினால் குதித்து இறங்கி, வேனுக்குப் போய், கடைசி சீட்டில் படுத்து, துண்டால் முகத்தை மூடிக்கொள்வது. யார் திட்டினாலும் துண்டை எடுப்பதில்லை. இதில் ஒரு தெளிவு இருந்தது. அந்தத் தெளிவோடு ஒரு ஆட்டம் ஆடினாள். இன்னொரு ஆட்டம். கூரை விளக்குகள் காலுக்குக் கீழே வந்தன, போயின. முதல்வரின் வழுக்கை தலைகீழாக ஒரு முறை பளிச்சிட்டது. அடுத்த ஆட்டம் உச்சிக்கு ஏறியது.

“விடு.”

காதுக்குப் பக்கத்தில் கேட்டது. கத்தல்கூட இல்லை. எத்தனை தடவைதான் சொல்வது என்கிற சலிப்போடு, மேடம் சொல்கிற அதே மாதிரி. கைகள் விட்டிருந்தன. உலகம் ஒரு சுற்றுச் சுற்றியது. கம்பி வந்து உள்ளங்கையில் உட்கார்ந்தது, கூப்பிட்டதும் வருகிற வீட்டு நாய் மாதிரி.

மிச்சமெல்லாம் தானாக நடந்தது. இறங்கினாள், ஒரு அடி தடுமாறினாள், நின்றாள், கையைத் தூக்கினாள். அரங்கம் கைதட்டியது. மேடம் மட்டும் கொஞ்சம் தாமதமாக, பக்கத்தில் நின்ற நெட்டை தோளைத் தட்டியபிறகு, கைதட்டினார்.

நூலிழையில் மூன்றாம் இடம். முதல்வர் வந்து, இது ஒன்றும் சர்க்கஸ் மாதிரி இல்லை என்று மேடத்திடம் அழுத்திச் சொல்லிவிட்டு, பெஞ்சுகளை வேறு எங்காவது போட்டுக்கொள்வதாகவும் சொன்னார். மேடம் பதில் பேசாததை இந்தத் தடவை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

எல்லோரும் குதித்துக்கொண்டிருந்தபோது உடும்புக்குப் புதிதாக ஒரு பயம் பிடித்தது. அந்த ‘விடு’வைச் சொன்னது யார்? மேடம் இல்லாமல் வேறு யாராவது சொல்லியிருந்தால் மதிப்பெண் போய்விடும் என்று அந்த அம்மாள் சொல்லவில்லையா? நாளைக்கு யாராவது கண்டுபிடித்து, மூன்றாம் இடத்தைப் பிடுங்கி, அதுவும் அவளால் என்று ஆகிவிட்டால்? பயம் முற்றி, நேராகத் தலைமை நடுவரிடமே போய் நின்றாள். தான் ஆடும்போது யாரோ ‘விடு’ என்று சொன்னதாகவும், யாரென்று சத்தியமாகத் தனக்குத் தெரியாது என்றும், தண்டனை கொடுப்பதானால் தனக்கு மட்டும் கொடுக்கும்படியும் கேட்டுக்கொண்டாள்.

அம்மாள் கண்ணாடியை இறக்கிவிட்டு அவளைப் பார்த்தார். “யாரும் ஒண்ணும் சொல்லலயேம்மா. முன்னாடி நடந்த கூத்துக்கு அப்புறம் நான் காதைத் தீட்டி வச்சுக்கிட்டுதான் உக்காந்திருந்தேன். உங்க மேடம் மூச்சு வாங்கினதுகூடக் கேட்டுச்சு. போய்த் தண்ணி குடி.”

வேன் கிளம்பியதும் விசாரணை ஆரம்பமானது. ரேடியோ தான் இல்லை என்றாள். அந்நேரம் அவள் காவலறையில் அந்த அக்காவோடு உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டு, அக்காவின் மேலதிகாரி எப்படிப் பேசுவார் என்று அவருக்கே பேசிக் காட்டிக்கொண்டிருந்தாள். பிரியும்போது அக்கா அவளை இன்னொரு நாள் வரச் சொல்லியிருந்தார். கேப்டன் தான் இல்லை என்றாள்; கால் வலியில் துண்டைக் கடித்துக்கொண்டிருந்தாள், துண்டில் பல் தடம் இருந்தது. நெட்டை பேசவே மாட்டாள். மேடத்தைப் பார்த்தார்கள். மேடம் முன் சீட்டிலிருந்து திரும்பி, தொண்டையைத் தொட்டுக் காட்டி, கையை விரித்தார்.

“எனக்குக் கேட்டுச்சுடி,” என்றாள் உடும்பு. “இப்ப நீ பேசுறது எப்படிக் கேக்குதோ அப்படி.”

“பயத்துல காது அடைச்சிருக்கும்.”

“அடைச்ச காதுல எப்படிடி கேக்கும்?”

வழியில் ஒரு மருந்துக் கடை முன்னால் மாமா வேனை நிறுத்தினார். மேடம் தொண்டைக்கு மாத்திரை வாங்க இறங்கிப்போனார். கண்ணாடிக் கதவுக்குள்ளே அவர் கடைக்காரரிடம் கையாலேயே பேசுவதும், கடைக்காரர் முதலில் வயிற்று வலி மருந்தையும் பிறகு முட்டி வலித் தைலத்தையும் எடுத்துக் காட்டுவதும் வேனிலிருந்து தெரிந்தது.

“எது எப்படியோ,” என்று கேப்டன் வீங்கிய காலை எதிர் சீட்டில் நீட்டிக்கொண்டாள். “மேடம் இத்தனை மாசம் கரெக்டா அந்த நொடி பாத்து விடு விடுன்னு சொல்லிக் கொடுத்ததுதான் இன்னைக்கு இவ காதுல நின்னிருக்கு. அந்த நேரம் பாக்குற கண்ணு வேற யாருக்கும் வராது. இல்ல மாமா?”

மாமா ஸ்டியரிங் மேல் கையை வைத்துக்கொண்டு சிரித்தார். கடைப் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, தலைக்கு மேலே இருந்த வேன் கண்ணாடியில் உடும்பைப் பார்த்தார்.

“பாக்குற கண்ணா? உங்கள்ல ஒருத்தி கம்பியில ஏறினா போதும், பயத்துல உங்க மேடம் கண்ணை இறுக்கி மூடிப்பா. பின்ன அந்தக் கறுப்புக் கண்ணாடி எதுக்குன்னு நினைச்சீங்க? நீ கையை விட்டதும் அந்த வயரு அதிரும் பாரு, அது கையில தெரிஞ்சப்புறம்தான் விடுன்னு கத்தவே ஆரம்பிப்பா, நான்தான் தினம் படியில உக்காந்து பாக்குறேனே. ஆமா, அப்போ இத்தனை மாசமா நீ யாரு சொல்லித்தாம்மா கையை விட்டுக்கிட்டு இருந்தே?”